தொப்பி போட்ட செட்டியார்

மாட்டுங்காவை விட்டு சயான் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தலைமேல் கூடை. கூடைக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் செட்டியார்களும் அவர்கள் வீட்டம்மாக்களும், எல்லாம் சுட்ட மண். கொலுவுக்கென்று காலையில் சுமந்து போன பொம்மைகள் ஒன்றுகூடக் குறையாமல் என்னோடு திரும்பி வந்துகொண்டிருந்தன.

விற்காமல் திரும்புவது எனக்குப் புதிதில்லை. சீப்பு, சோப்பு, சூரத்தில் ஒரு தடவை குடைக் கம்பி என்று பல சாமான்களோடு திரும்பி வந்திருக்கிறேன். ஆனால் இந்தப் பொம்மைகள் விற்காவிட்டால் என் அம்மாவுக்கு இனிமேல் சூளையில் இடம் கிடையாது. அதனால்தான் அன்றைக்குக் கூடை கனத்தது.

அம்மா தாராவி கும்பார்வாடாவில் பிறந்தவள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் அவர்கள். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. தோல் ஷாப்புக்கும் கும்பார்வாடாவுக்கும் நடுவே ஒரு சாக்கடைதான். அதை அப்பா தாண்டினாரா அம்மா தாண்டினாளா என்பதில் இரண்டு பேரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. யார் தாண்டினால் என்ன, அன்றோடு அம்மாவின் அண்ணன் அவளைச் சூளைப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்.

அந்தக் குயவர் வீட்டுப் பெண்கள் சக்கரத்தில் உட்காரமாட்டார்கள். கையால் பிடிப்பதும் வண்ணம் தீட்டுவதும் அவர்கள் வேலை. தமிழர்கள் நிறைந்த எங்கள் சால் குடியிருப்பின் ஒற்றை அறைக்கு வந்த பிறகும் அம்மா அதை விடவில்லை. மண் மட்டும் அவளுடைய அண்ணி வழியாகச் சத்தமில்லாமல் வந்துவிடும். குதிரை, கிளி, குடத்தோடு நிற்கும் பெண் என்று பிடித்து அலமாரியில் காயவைப்பாள். மழைக்காலத்தில் சுவர் ஊறும். முதலில் குதிரைக்குக் கால் போகும், பிறகு கிளிக்கு மூக்கு போகும். எல்லாவற்றையும் வழித்து உருட்டி ஈரத்துணி போட்டு மூடிவைப்பாள். மழை விட்டதும் அதே மண் மறுபடி குதிரையாகும். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே மண்தான் குதிரையும் கிளியுமாக மாறி மாறி வாழ்ந்துகொண்டிருந்தது. சூளையில் ஒரு தடவை வைத்து எடுத்தால் அதது அதுவாகவே இருந்துவிடும். அந்த ஒரு தடவைதான் அவளுக்குக் கிடைக்கவில்லை.

நான் முனிசிபல் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவன். அதன்பிறகு இகத்புரி, சூரத், கோவா என்று சுற்றினேன். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினதில்லை. அதற்கு முந்தின வருஷம் மாட்டுங்காவில் ஒரு காப்பித்தூள் கடைக்குப் பொட்டலம் சுமந்தேன். அப்போதுதான் அங்கே ஒரு வீட்டு வாசலில் நின்று கொலுவைப் பார்த்தேன். அந்த வீட்டு மாமி, செட்டியார் பொம்மை உடைந்துவிட்டது, கட்டடத்தில் மற்ற வீடுகளிலும் பழசாகிவிட்டது, மதராஸிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு என்று புலம்பினாள்.

"நாங்க செஞ்சு தர்றோம் மாமி" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

மாட்டுங்காவில் ஆர்டர் என்றதும் அம்மாவின் அண்ணன், என் மாமாவே, இறங்கி வந்தார். மாமா என்ற சொல் அம்மாவின் பாஷையிலும் அப்பாவின் பாஷையிலும் ஒன்றுதான். அவர் என்னோடு இரண்டு பாஷையிலும் பேசியதில்லை. அம்மாவின் அண்ணியிடம் சொல்லி அனுப்பினார்: "சூளையில் ஒரு மூலை தருகிறேன். பொம்மை விற்றால் அந்த மூலை அவளுக்கு. திரும்பி வந்தால் அது தீபாவளி விளக்குக்கு. மறுபடி கேட்கக்கூடாது."

செட்டியார் பொம்மை எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அப்பா ஊரில் கொலு வைக்கிற வழக்கமில்லை. அம்மா பக்கம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் வாசலில் நின்று பார்த்ததைச் சொன்னேன். குண்டாக ஒரு மளிகைக்கடைக்காரர், முன்னால் சாமான், பக்கத்தில் மனைவி.

"மளிகைக்கடைக்காரர்னா எப்படி இருப்பார்?" என்று பா கேட்டாள். அம்மாவை நான் பா என்றுதான் கூப்பிடுவேன், குஜராத்தி வீடுகளில் மாதிரி.

"மளிகைக்கடைக்காரர் மாதிரிதான் இருப்பார்" என்றேன்.

பம்பாயில் பிறந்து வளர்ந்தவளுக்கு மளிகைக்கடைக்காரர் என்றால் தெருமுனைக் கடையில் இருக்கும் கட்ச் பக்கத்துச் சேட்தான். அவரையே பிடித்தாள். கறுப்புத் தொப்பி, வயிற்றில் இறுகின அரைக்கோட்டு, முன்னால் தராசும் வாய் திறந்த மூட்டைகளும். மனைவிக்கு வலது தோள் வழியாக முன்னால் விழுகிற தலைப்பு, முக்காடு, மூக்கில் பெரிய வளையம். சுட்டு வந்த பிறகு வண்ணம் தீட்டும்போது அப்பா தோல் ஷாப்பிலிருந்து வந்தார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"கண்ணையும் மீசையையும் நான் வைக்கேன்" என்றார்.

சின்ன வயதில் ஊரில் சாமிக்குக் கண் வைப்பதை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே மண் உருவம் சுடலைமாடன். முகத்தில் பாதிக்குக் கண், மீதிப் பாதிக்கு மீசை. எல்லாச் செட்டியாருக்கும் வைத்தார். எங்கள் மூன்று பேருக்கும் அது செட்டியாராகத்தான் தெரிந்தது.

அன்று காலையில் மாட்டுங்கா மாமி வைக்கோலை விலக்கிப் பார்த்தாள்.

"என்னடாப்பா இது?"

"செட்டியார், மாமி."

"செட்டியாரா? குல்லா போட்டுண்டு உக்காந்திருக்காரேடா! எங்காத்துக்கு அரிசி போடற சேட்டுன்னா இது?"

எதிர்வீட்டு மாமியும் வந்து எட்டிப்பார்த்தாள். "ஏன் இப்படி முழிக்கறார்? கடன் சொல்லிண்டு போறவாளைக் கழுத்தை நெரிச்சுடுவார் போலிருக்கே!"

"அவளைப் பாருங்கோ, முக்காடு போட்டுண்டிருக்கா. தலைப்பு வேற அந்தப் பக்கம்."

"ஜோடிப் பொருத்தம் மட்டும் நன்னாருக்கு."

சிரித்தார்களே தவிர மனசில் ஒன்றும் இல்லை. எனக்கு வாசலில் காப்பி கொடுத்தார்கள். மாமி ஒரு செட்டியாரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "கைவேலை நன்னாத்தான் இருக்கு. ஒண்ணு பண்ணு. குல்லாவைச் சுரண்டி எடுத்துட்டுத் தலைப்பாகையா வரைஞ்சுடு. கண்ணைச் சின்னதாக்கு. அவ முக்காட்டை எடுத்துடு. அமாவாசைக்குள்ள கொண்டுவந்தா அத்தனையும் எடுத்துக்கறோம்."

நியாயமான பேச்சுதான். அதைத்தான் யோசித்துக்கொண்டு நடந்தேன். தொப்பியைச் சுரண்டினால் மூலை அம்மாவுக்கு. அதோடு என் பொறுப்பும் தீர்ந்தது. செம்பூரில் ஒரு சர்தார்ஜி, நாக்பூர் போகிற லாரியில் கிளீனர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். நான் நாக்பூர் பார்த்ததில்லை. பொம்மையை முடித்துவிட்டு மறுநாள் காலையே கிளம்பலாம்.

சயான் தாண்டி ஒரு மரத்தடியில் கூடையை இறக்கினேன். பீடி பற்றவைத்துக்கொண்டு, ஒரு செட்டியாரை மடியில் கிடத்தி, தகரத் துண்டால் தொப்பியைச் சுரண்ட ஆரம்பித்தேன். வண்ணம் போயிற்று. மண் தூளாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். தகரம் சரக்கென்று உள்ளே போய்விட்டது.

செட்டியாருக்குள் ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

அப்போதுதான் புரிந்தது. குயவன் மகள் எதைச் செய்தாலும் பானையாகத்தான் செய்வாள். செட்டியார் வயிறு ஒரு பானை, தலை அதன் கழுத்து. உள்ளே கைவிட்டு வழித்து, கடைசியில் வாயை ஒரு மூடியால் மூடி ஒட்டியிருக்கிறாள். அந்த மூடிதான் தொப்பி. அதை எடுத்தால் தலைப்பாகை வராது, செட்டியாருக்கு மண்டை இருக்காது. என் மடியிலிருந்தவர் உச்சியில் விரல் நீளத்துக்குப் பிளவோடு, அப்பாவின் கண்களால் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

மாட்டுங்கா வழி அங்கேயே அடைபட்டது. பீடியை அணைத்துவிட்டுக் கூடையைத் தூக்கினேன். சர்தார்ஜியைப் பார்க்கக் குர்லா வழியாகச் செம்பூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சர்தார்ஜி லாரிக்கு அடியில் கால் மட்டும் தெரியப் படுத்திருந்தார். "சுபே ஜல்தி ஆனா, விடிஞ்சதும் வந்துடு. லேட் ஆனால் வேற பையனை ஏத்திக்குவேன்" என்று கால்கள் சொல்லின. சரி என்றேன்.

தாகம். பக்கத்தில் ஒரு மளிகைக்கடை. தெற்கத்திக்காரர் கடை என்று பலகையைப் படிக்காமலே தெரிந்தது. கருப்பட்டி வாசனை தெருவரைக்கும் வந்தது. கடைக்கார அண்ணாச்சி பனியனோடு கல்லாவில் இருந்தார். அவர் மனைவி மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டேன். அந்த அக்கா செம்பில் கொடுத்தாள்.

"கூடையில என்னல, மண்ணா?" என்றார் அண்ணாச்சி.

"பொம்மை அண்ணாச்சி. செட்டியார்."

"காட்டு பாப்பம்."

மேலே கிடந்தது அந்தப் பிளந்த மண்டைச் செட்டியார். அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். வேறு எடுக்கத் தெம்பில்லை. அண்ணாச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். அவள் மிளகாயைப் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"எதுக்குட்டி சிரிக்க?"

"அந்த ஆணியில தொங்குறத எடுத்துத் தலையில மாட்டிட்டுக் கண்ணாடியில பாருங்க."

சுவரில் ஆணி. ஆணியில் ஒரு கறுப்புத் தொப்பி. சேட்டுகள் போடுகிற அதே தொப்பி.

அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. எனக்கு விளக்கம் சொன்னார். "மஸ்ஜித் பந்தர்ல மொத்தக் கடைக்கு வெறுந்தலையோட போனா கூலிக்காரன்னு நெனைக்கான். மூட்டையத் தூக்குங்கான். இதப் போட்டுட்டுப் போனா நாற்காலி போடுதான், சாயா சொல்லுதான். யாவாரம்னா அப்பிடித்தான?"

"அரைக்கோட்டும் வச்சிருக்காரு, கேளு" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரி." அண்ணாச்சி பொம்மையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். குரல் கொஞ்சம் மாறியது. "தொப்பி கெடக்கட்டும். இந்தக் கண்ண எவன் வச்சான்? இது நம்மூரு மாடன் கண்ணுல்லா?"

"எங்க அப்பா."

"தொப்பி?"

"எங்க அம்மா. கும்பார்வாடா."

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். கல்லாவைத் திறந்து ஒரு காசை எடுத்துச் செட்டியாரின் மண்டைப் பிளவில் போட்டார். உள்ளே விழுந்து வயிற்றில் கணீரென்றது. இன்னொன்று போட்டார். குலுக்கிப் பார்த்தார்.

"ஓட்டைய நீங்களா வச்சியளா?"

"ஆமா" என்றேன்.

"நல்ல ரோசனை. ஆனா கோணலா இருக்கு. நேரா வைக்கச் சொல்லு. தீவாளிக்குக் கடையில புதுக் கல்லா வைக்கணும்னு நெனச்சேன். இவரு உக்காரட்டும். விக்ரோலில என் மச்சினன் கடை இருக்கு. குர்லாவுல சித்தப்பா மகன். எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணு. ஒண்ணு மட்டும் சொல்லுதேன், கண்ண மாத்திராத. இந்தக் கண்ணு முழிச்சிட்டிருந்தா எந்தப் பய கல்லாவுல கை வைப்பான்?"

"செட்டியாரம்மாவும் உண்டு" என்றேன்.

"அது எதுக்கு? காசு கேக்கவா?"

"அவளும் இருக்கட்டும்" என்று அக்கா எழுந்து வந்தாள். முக்காடு போட்டவளைக் கையில் எடுத்தாள். "பக்கத்துல நான் இல்லாம நீங்க ஒரு நாள் யாவாரம் பாத்திருக்கியளா? கடன் குடுத்தே கடைய மூடியிருப்பிய."

ஒரு ஜோடி அங்கே இறங்கியது. மிச்சத்தைச் சுமந்துகொண்டு தாராவிக்கு நடந்தேன். கனம் அதிகம் குறையவில்லை. நடை மட்டும் வேகமாக வந்தது.

அப்பா ஷாப்பிலிருந்து சாப்பிட வந்திருந்தார். வீட்டில் முதலில் மாட்டுங்கா கதையைச் சொன்னேன். அதைச் சொல்லாமல் செம்பூரை மட்டும் சொல்லியிருக்கலாம்.

"தொப்பிதாம்ல தப்பு" என்றார் அப்பா. "நான் அப்பமே நெனச்சேன். செட்டியாருக்கு எதுக்குத் தொப்பி? கண்ணுல என்ன குத்தம்?"

"கண்ணுதான் குத்தம்" என்றாள் பா. இருபது வருஷத்துக்கு மேல் சாலில் இருந்து, சண்டை போடுவதற்கு அவளுக்குத் திருநெல்வேலித் தமிழ்தான் வாகாக வரும். "அந்த மாமி பயந்திருப்பா. அரிசி விக்கிற மனுசன் எதுக்கு வெட்ட வர்ற மாதிரி பாக்கணும்? தொப்பி லச்சணமாத்தான இருக்கு."

"ஏளா, தொப்பிய எடுத்தா வித்திரும்னு அந்தம்மாதான் சொல்லியிருக்கு."

"கண்ணையும்தான் சொல்லியிருக்கு."

"தொப்பிய முதல்ல சொல்லியிருக்கு."

இரண்டு பேரும் விற்கத் தயார்தான். மற்றவருடையதை எடுத்துவிட்டு விற்கத் தயார். சாலில் பக்கத்து அறைக்காரர்கள் கதவருகே வந்து நின்றுவிட்டார்கள். நான் செம்பூர்க் கதையையும் சொன்னேன். தொப்பி அண்ணாச்சிக்கு, கண் கல்லாவுக்கு, முக்காடு அக்காவுக்கு என்று சொன்னதும் சத்தம் அடங்கியது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். பா என் கையிலிருந்து ஒரு செட்டியாரை வாங்கித் தொப்பியின்மேல் விரலை வைத்து, காசு போகிற வாய் எங்கே வரவேண்டும் என்று பார்க்க ஆரம்பித்தாள்.

"பச்சையா இருக்கும்போதே கீறணும்" என்றாள். "சுட்டதுக்கு அப்புறம் கை வச்சா எவனாவது கழுதைதான் வைப்பான்."

நான் தகரத் துண்டைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

பொழுது சாய்வதற்குள் கூடையோடு கும்பார்வாடா போனேன். மாமா சூளைக்குள் நின்று விளக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சூளை மேலே திறந்த செங்கல் தொட்டி மாதிரி இருக்கும். கூடையைப் பார்த்ததும் அவர் முகம் முடிவுக்கு வந்துவிட்டது. அம்மாவின் மூலையில் ஏற்கெனவே விளக்கு ஏறியிருந்தது.

"திரும்பி வந்துவிட்டதா, பாணியா?" என்றார். தங்கை மகனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் குத்துவதற்காக.

"ஒரு ஜோடி போனது. தீபாவளிக்கு இன்னும் இரண்டு கடைக்கு வேண்டுமாம். தொப்பியில் வாய் வைத்து, கல்லா மாதிரி."

மாமா வெளியே ஏறி வந்தார். ஒரு செட்டியாரை எடுத்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகத் திருப்பி அடியைத் தட்டினார், காதில் வைத்துக் கேட்டார், மூடி ஒட்டின இடத்தை நகத்தால் தடவினார்.

"இந்த ஒட்டு அவள் ஒட்டினதா?"

"ஆமாம்."

"வெடிக்கவில்லை." அதைச் சொல்லிவிட்டுப் பொம்மையை மெதுவாகத் தரையில் வைத்தார். "எங்கள் அப்பாவும் இப்படித்தான் காசுப்பானையை மூடுவார். எனக்கு அது வரவில்லை. மூன்றுக்கு ஒன்று வெடிக்கும்."

நான் கூடையை அங்கேயே வைத்தேன்.

"சரி, அப்படியானால் இன்னொரு சூளை போடவேண்டும். விளக்கை எடுக்கமுடியாது, பேசி முடித்த சரக்கு" என்றார். "இன்னொரு சூளைக்கு எரிபொருள் எங்கே? பரேல் மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு வரவேண்டும். கைவண்டி இழுக்கிறவன் ஊருக்குப் போய்விட்டான். பஞ்சு வந்தால் மூலை தருகிறேன். வராவிட்டால் என்னிடம் கேட்காதே."

"தினமும் பரேலுக்கா?"

"தினமும். தாதர் வழியாகப் போ, மாஹிம் வழியாக வா, எனக்கென்ன. பஞ்சு நனையாமல் வரவேண்டும்."

எனக்கு அது மோசமான வேலையாகத் தோன்றவில்லை. ஒரே இடத்தில் உட்காரச் சொல்லவில்லையே. பம்பாயிலேயே தினம் ஒரு வழியாகப் போகலாம், வேறு வழியாக வரலாம். நாக்பூர் எங்கேயும் போய்விடாது.

"சர்தார்ஜி வேறு பையனை ஏற்றிக்கொள்ளட்டும்" என்றேன்.

"எந்தச் சர்தார்ஜி?" என்றார் மாமா.

மறுநாள் காலை பா என்னோடு வந்தாள். சாக்கடைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். அவளுடைய அண்ணி வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் தாண்டினாள். அப்பா வேலைக்குப் போகிற வழியில் எங்களைப் பார்த்துவிட்டு, "கண்ண நான் வந்து வைக்கேன், அதுக்குள்ள நீ தொட்டுராத" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தூரப் போகும்வரை காத்திருந்து பா, "ஒண்ணுக்காவது கண்ணக் கொஞ்சம் சின்னதா வைக்கச் சொல்லணும்" என்றாள்.

கைவண்டி சுவரில் சாய்ந்திருந்தது. இடது சக்கரம் சுற்றும்போது கத்தியது. எண்ணெய் கேட்கலாம் என்று மாமாவைத் தேடினேன். அவர் பக்கத்திலிருந்த காலிச் சூளைக்குள் குனிந்து, உடைந்த செங்கற்களை ஒரு மூலையைச் சுற்றி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். பா மேலே நின்று, இன்னும் ஒரு செங்கல் தள்ளி வை என்று அவளுடைய பாஷையில் சொன்னாள். அவர் முனகிக்கொண்டே தள்ளி வைத்தார்.

எண்ணெய் கேட்காமலே வண்டியைப் பரேல் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.